அல்லி இலையில் ஒரு ரப்பர் எலி

ஏரியில் விரால் இருந்தது. கரையில் ரோசாலி இருந்தாள். அவளுக்கு ஒரு சீடரும் வந்து வாய்த்தார். அதுதான் வினை.

சீடர் பெயர் தணிகாசலம். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், குருவைவிட இருபது வயது மூத்தவர். ரோசாலி கரையோரச் சாலையில் தூண்டில் கடை வைத்திருந்தாள். ரப்பர் எலியை வீசி விரால் பிடிப்பதில் அந்தப் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

"குருவேன்னு கூப்பிடாதீங்கண்ணே. கடைக்கு வர்றவங்க சிரிக்கிறாங்க."

"சரி, குருவே."

சாயங்காலமானால் இரண்டு கேள்விகளோடு வந்துவிடுவார்.

"எந்த எலியைப் போடறது?" இது முதல் கேள்வி.

"என் பொண்ணுகிட்ட என்ன கேட்டா வாயைத் திறப்பா?" இது இரண்டாவது.

மகள் மேகலா புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்து மாதக்கணக்காகிறது. ஏன் வந்தாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. எப்போதாவது, "அப்பா, அங்க..." என்று ஆரம்பிப்பாள்.

"அங்க என்ன? அடிச்சானா? குடிக்கிறானா? சொல்லு, இப்பவே கிளம்பறேன்" என்று இவர் எழுந்து சட்டையைத் தேடுவார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ரோசாலி முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்வாள். அதற்கே அவள் உயிர் போய்விடும்.

அன்றும் டப்பாவைத் திறந்து எலிகளைத் தரையில் பரப்பினார். முடி ஒட்டிய எலி ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"அசல் எலி மாதிரியே இருக்குல்ல?"

"இருந்து? தண்ணியைக் குடிச்சுட்டு முங்கிடும். கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க. உடம்பு அமுங்கி, தூண்டில் முள்ளு வெளிய வரணும். வருதா? கல்லு மாதிரி கிடக்கு. விராலுக்குப் பல்லுதான் போகும்."

"அப்ப சாம்பல் கலரு?"

"கறுப்பு! மேகம் போட்டிருக்கு. கீழேருந்து பாக்கற மீனுக்கு உருவம்தான் தெரியும். நேத்தும் இதையேதான் சொன்னேன்."

"நேத்து வெயிலடிச்சுதே, குருவே."

ரோசாலி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கறுப்பு எலியைத் தூண்டில் நரம்பில் முடிந்து வீசினார். விழுந்த மாத்திரத்தில் மடமடவென்று ரீலைச் சுற்றினார்.

"எலி எங்கண்ணே ஓடுது? பஸ் பிடிக்கவா?"

"நின்னா மீன் சந்தேகப்படாதா?"

"ஓடினாத்தான் சந்தேகப்படும். அல்லி இலை மேல போடுங்க. மெல்ல இழுத்து, தண்ணியில வழுக்கி விழ வைங்க. அப்புறம் சும்மா இருங்க. வளையம் வளையமா அலை போகும் பாருங்க, அது அடங்கட்டும்."

"அடங்கினப்புறம்?"

"லேசா ஒரு அசைப்பு. மறுபடி சும்மா இருங்க."

அப்படியே செய்தார். அலை அடங்கியது. படாரென்று தண்ணீர் வெடித்தது. வெடித்த நொடியில் இரண்டு கையாலும் தூண்டில் ராடைச் சுண்டினார். எலி வெறுமனே பறந்து வந்து அவர் நெஞ்சிலேயே மோதியது.

"ஏண்ணே சுண்டினீங்க?"

"அடிச்சிருச்சே!"

"சத்தம்தான் வந்துச்சு. இன்னும் வாய்க்குள்ள போகல. நரம்பு கனக்கட்டும், அதுக்கப்புறம் சுண்டுங்க."

அடுத்ததும் நெஞ்சுக்கு வந்தது. அதற்கடுத்து தண்ணீர் வெடித்தபோது ரோசாலிக்குப் பொறுக்கவில்லை. "விடுங்க! விடுங்கண்ணே!" என்று கத்தினாள்.

விட்டார். கையிலிருந்த ராடையே விட்டுவிட்டார். அது சரிவில் வழுக்கி ஏரிக்குள் போனது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் துழாவி எடுத்து வந்தார்.

"நீங்கதானே விடச் சொன்னீங்க?"

"மீனு எடுத்துக்கட்டும், விடுங்கன்னேன்! ராடையா விடச் சொன்னேன்? கர்த்தரே, இவரு டிப்போவில பஸ்ஸை எப்படி விட்டாரு?"

"நேரத்துக்கு விட்டேன்" என்றார் தணிகாசலம் ரோஷமாக.

கரைமேல் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மேகலா இறங்கி வந்தாள். அப்பா மறந்துவிட்டு வந்த பிரஷர் மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் அவள் கையில் இருந்தன.

"ஏம்ப்பா நனைஞ்சிருக்கீங்க?"

"ராடு விழுந்திருச்சும்மா."

மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"எலியைப் பாருங்கண்ணே" என்றாள் ரோசாலி. "வேற எந்தப் பக்கமும் பாக்க வேணாம்."

எலி இலையில் விழுந்து, வழுக்கி, தண்ணீரில் கிடந்தது. அலை அடங்கியது.

"ஏன் அது அசையவே இல்ல?" என்றாள் மேகலா.

"தெரியலம்மா. குரு அப்படித்தான் போடச் சொல்றாங்க."

தவளை ஒன்று கத்தி ஓய்ந்தது.

"அப்பா, அங்க..."

தணிகாசலத்தின் முதுகு விறைத்ததை ரோசாலி பார்த்தாள். வாய் திறந்தது. அப்புறம் மூடிக்கொண்டது. கண் எலியை விட்டு நகரவில்லை.

"அங்க யாரும் என்னை அடிக்கவெல்லாம் இல்லப்பா."

"ம்."

"பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. அவரும்தான். எது வேணும்னாலும் கையைத் தட்டுவாங்க."

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வெடித்தது. எலி கிடந்த இடத்தில் குமிழிதான் இருந்தது. நரம்பு விறைத்து, கனத்து, அல்லிக் கொடிகளுக்குள் ஓடியது. இத்தனை சுத்தமாக ஒரு விரால் எலியை விழுங்கி ரோசாலியே பார்த்து வெகுநாளாகிறது. 'சுண்டுங்க' என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவர் சுண்டவில்லை. ராடைப் பிடித்த மணிக்கட்டு மட்டும் மீனோடு சேர்ந்து துடித்தது.

"ஒரு தட்டுன்னா தண்ணி. ரெண்டு தட்டுன்னா சாப்பாடு" என்றாள் மேகலா. "இங்க வந்தப்புறமும், பக்கத்து வீட்டுல யாராச்சும் கையைத் தட்டினா நான் எந்திரிச்சு நிக்கிறேன்ப்பா."

"ம்" என்றார்.

நரம்பு கொடியில் சுற்றிப் பட்டென்று அறுந்தது. மூவரில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மேகலா பேசினாள். நடுவில் அழுதாள். மாமியார் கை வலித்து ஒரு நாள் தட்ட முடியாமல் போன கதையைச் சொல்லும்போது சிரித்தும்விட்டாள். வெளிச்சம் குறையத் தொடங்கியபோது எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "சீக்கிரம் வாங்க, தோசை ஊத்தறேன்" என்று சொல்லிப் போனாள்.

ஸ்கூட்டர் சத்தம் மறையும்வரை தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அறுந்த நரம்பைச் சுற்றினார். சுற்றச் சுற்ற அவருக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்கே இது நியாயமா, குருவே? எந்நேரமும் கத்தற வாய். அவ்வளவு பெரிய விரால் எலியோட போகுது. சுண்டுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ரோசாலி எலிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

"நானும் அவ சொன்னதைத்தானேண்ணே கேட்டுக்கிட்டு இருந்தேன்."