மாசானத்தின் நாடி

“அம்மா, ஒரே அடுப்புல பொங்குத சோறு. அவனுக்கு மட்டும் மிளகு ரசம், எனக்கு மட்டும் மோரா?” என்று கேட்டார் குத்தாலிங்கம்.

மருந்து அரைத்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் தலையைத் தூக்கவில்லை.

“உங்களுது பித்த உடம்பு அண்ணாச்சி, மிளகு ஆகாது. மாசானத்துக்குக் கப உடம்பு, மோரு ஆகாது.”

மலையடிவாரத்தில் இருந்த அந்த வைத்தியசாலைக்கு ஆவுடையம்மாள்தான் வைத்தியர். குத்தாலிங்கமும் மாசானமும் ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் அவரிடம் படிக்க வந்தவர்கள். குத்தாலிங்கத்துக்கு வைத்தியரம்மாவைவிட ஆறு வயது கூட. அதனால் குருவே சிஷ்யனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். சிஷ்யனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

“ரசத்த விடுங்க. அவன் படுத்ததும் குறட்டை விடுதான். நான் முழிச்சுக் கிடக்கேன். வாரவங்க எல்லாம் அவனத்தான் தேடுதாங்க. இதுவும் உடம்புவாகுதானா?”

“வயித்துல எரிச்சல் இருக்கா?”

“எரியாம என்ன செய்யும்?”

மறுநாள் ஆவுடையம்மாள் மூலிகை எடுக்க மலைக்குப் போகிறார். திரும்பி வர ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் ஆகும். அதுவரை நாடி பார்க்கும் பலகையில் ஒருவர் உட்கார வேண்டும். ஏழு வருஷமாகக் குத்தாலிங்கத்தின் கண் அந்தப் பலகை மேல்தான். அன்று காலை அம்மா சொன்ன பெயர் மாசானம்.

மோர் அவருக்குப் புளிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

“அவனுக்கு உடம்பு சரியில்லம்மா,” என்றார். “மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நோயாளி கையப் பிடிக்கவன் நோயாளியா இருக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“சொன்னேன்.”

“அப்ப?”

அம்மா கையைக் கழுவினார்.

“நாடி பாத்துச் சொல்லுங்க. நோய் இருந்தா மாசானம் பலகையில உக்கார வேண்டாம். நீங்க சொல்லுததுதான் முடிவு.”

அந்த வைத்தியசாலையில் முகம் பார்த்து நாடி பார்ப்பதில்லை. நடுவில் ஒரு திரை தொங்கும். நோயாளி அந்தப் பக்கமிருந்து கையை மட்டும் திண்டின் மேல் நீட்டுவார். கையை ஒரு துணி மூடியிருக்கும். வந்திருப்பவர் வேண்டியவரா வேண்டாதவரா என்று தெரிந்தால் வைத்தியர் மனசு விரலை முந்திக்கொள்ளுமாம். அது அம்மாவின் முதல் பாடம்.

“தொட்டும் தொடாம வைக்கணும். அமுக்கினா உங்க விரல்ல ஓடுத ரத்தம்தான் உங்களுக்குக் கேக்கும்.” இது இரண்டாம் பாடம். ஏழு வருஷப் பழசு.

குத்தாலிங்கம் பலகையில் உட்கார்ந்தார். சுகமாக இருந்தது.

அம்மா திரைக்குப் பின்னால் போனார். “மாசானம், இங்க வா” என்று கூப்பிட்டார். காலடிச் சத்தம் வந்து நின்றது. துணி மூடிய கை திண்டுக்கு வந்தது.

மூன்று விரலையும் வைத்தார். அடியில் சில்லென்று இருந்தது. கப உடம்பு வேறெப்படி இருக்கும்?

வாதத்துக்கு உரிய ஆள்காட்டி விரலில் அசைவு இல்லை. கபத்துக்கு உரிய மோதிர விரலிலும் இல்லை. கொஞ்சம் அழுத்தினார். இன்னும் அழுத்தினார்.

நடுவிரலில் துள்ளியது. பித்தம்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அம்மா! கப உடம்புல இம்புட்டுப் பித்தம் நான் பாத்ததே இல்ல.”

“சரியாப் பாருங்க.”

“பாத்துட்டேன். தூக்கம் கிடையாது. வயித்துல தீ. மனசு ஓயாமப் பொறுமுது. அடுத்தவன் இலையவே பாக்குத மனசும்மா இது. இந்தக் கை தொட்டா எந்த நோயாளியும் விளங்க மாட்டான்.”

“மருந்து?”

“மிளகு வாடையே படக் கூடாது. மோரு, சீரகத் தண்ணி. ஒரு மண்டலத்துக்கு நாடி பாக்கக் கூடாது. கொல்லையில உக்காந்து மருந்து இடிக்கட்டும். பலகையில இருக்கவன் சொல்லுததக் கேட்டு நடக்கட்டும். தானா வழிக்கு வரும்.”

“ஒரு மண்டலம் போதுமா?”

“இந்த நாடிக்கு ரெண்டு மண்டலம் வச்சாலும் தேவலதான்.”

அம்மா திரையை விலக்கினார்.

அந்தப் பக்கம் மாசானம் அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மத்தியானப் பொரியலுக்கு வாழைத்தண்டு நறுக்கி, விரலில் நார் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு கையும் வேலையாக இருந்தன.

குத்தாலிங்கம் மெல்லத் துணியை எடுத்தார்.

திண்டின் மேல் ஒரு முழம் வாழைத்தண்டு கிடந்தது. அவருடைய நடுவிரல் நகம் பதிந்த இடத்தில் நீர் கசிந்தது.

“என்ன அண்ணாச்சி, வேர்க்குது?” என்றான் மாசானம்.

குத்தாலிங்கம் தன் விரலைப் பார்த்தார். அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அவமானத்தில் கண் நிறைந்தது.

“அம்மா…”

“நாடியில தப்பே இல்ல அண்ணாச்சி. மருந்தும் சரிதான்.”

அம்மா மூலையில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“ஒரு மண்டலமா, ரெண்டா?”