ஒன்பது அங்குல ஏற்றம்

"மெதுவா விட்டா ஏத்தத்துல நின்னுடுது. வேகமா விட்டா வளைவுல கவுந்துடுது. நான் என்னதான் செய்யறது டீச்சர்?"

கேட்டவர் தருமலிங்கம். வயது அறுபத்தாறு. ரேஷன் கடையில் முப்பது வருஷம் எடை போட்டு ஓய்வு பெற்றவர். பொம்மை ரயில் இன்ஜின் ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துவந்திருந்தார்.

டீச்சர் ஜெசிந்தாவுக்கு நாற்பது வயது. பொன்மலையில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பவர். அவருடைய வீட்டு மாடியில் சுவரைச் சுற்றிப் பலகை அடித்துச் சின்ன ரயில்கள் ஓடின. ஒன்றும் விழுவதில்லை. அதனால் வீட்டில் ரயில் விடுகிறவர்கள் எங்கெங்கிருந்தோ அவரைத் தேடி வந்தார்கள்.

டீச்சர் ஒரு ரவிக்கைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்தவில்லை.

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

"இன்ஜின் மேல ஈயம் வச்சேன். அம்பது கிராம். அப்புறம் நூறு. சக்கரத்துக்கு ரப்பர் வளையம் போட்டேன். இன்னொரு இன்ஜின் வாங்கி மாட்டினேன்."

"ஏறிச்சா?"

"ரெண்டும் சேந்து நின்னுச்சு."

"தண்டவாளத்த என்ன செஞ்சீங்க?"

"அதுல ஒண்ணும் கோளாறு இல்லியே."

மிஷின் நின்றது.

"எவ்வளவு ஏறணும்?"

"ஒன்பது அங்குலம்."

"எத்தனை அடியில?"

"ஆறு அடியில. அதுல பாதி வளைவு."

டீச்சர் ரவிக்கையை மறுபடி ஊசிக்கடியில் வைத்தார். ரவிக்கைக் கையின் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி விட வேண்டிய இடம் அது. அவ்வளவு துணியையும் ஒரே இடத்தில் தள்ளித் தைத்தார். எடுத்துத் தருமலிங்கத்திடம் நீட்டினார்.

"சுருங்கிடுச்சே," என்றார் அவர்.

"துணி நல்ல துணிதான்," என்றார் டீச்சர். தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன்."



நீளமான ஒரு வீடு. அதை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பாதி தருமலிங்கத்துக்கு. அந்தப் பாதி தம்பி பரஞ்சோதிக்கு. சுவரில் ஒரு கதவு விட்டிருந்தார்கள். அது இந்தப் பக்கம் பூட்டியிருந்தது. அந்தப் பக்கம் தாழ்ப்பாள்.

கதவின் அடியில், தரையிலிருந்து ஒன்பது அங்குலம் மேலே, ரயில் நுழையும் அளவுக்கு ஒரு துளை அறுத்திருந்தது. புதிதாக அறுத்த மரம்.

டீச்சர் குனிந்து துளையைப் பார்த்தார்.

"ஏன் இவ்வளவு மேல?"

"தம்பி தரைய உசத்திட்டான் டீச்சர். உசத்தி மொசைக் போட்டான். அந்த வருஷம் மழையில அவன் வீட்டுத் தண்ணியெல்லாம் இங்க வந்துச்சு. என் கட்டிலுக்கடியில செருப்பு மிதந்துச்சு."

"அப்புறம்?"

"இனிமே அவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னேன். பதினோரு வருஷம் ஆச்சு."

"யாரும் கேக்காமலே சொன்னாரு," என்றாள் அவர் மனைவி கோசலை. டீயுடன் வந்திருந்தாள். "கொழுந்தனாரு கூட்ஸ் வண்டியில கார்டா இருந்தவரு. சக்கரை வந்து போன ஆடியில ஒரு கால எடுத்துட்டாங்க. இந்த மனுசன் போய்ப் பாக்கல."

"நீங்க?"

"பொம்பளைங்க நாங்க தெனம் பேசிக்கிறோம். அவரு யார்கிட்டயும் பேசறதில்லியாம். சன்னலண்டையே உக்காந்திருக்காராம். சன்னலுக்கு வெளியில செவுருதான். அத நான் வந்து சொன்னேன். மறுநாளு இவரு கதவ அறுக்கறாரு."

தருமலிங்கம் மின்கம்பியை எடுத்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"பேரன் விட்டுட்டுப் போன ரயில் சும்மாதான கெடந்துச்சு," என்றார்.

"கதவ அறுத்தப்ப தம்பி ஒண்ணும் சொல்லலியா?" என்று டீச்சர் கேட்டார்.

"இருமல் சத்தம் நின்னுச்சு. அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"துளைய அடைக்கல."

டீச்சர் துளையை இன்னொரு முறை பார்த்தார்.

"நீங்க அவர் வாசப்படிய மிதிக்கக் கூடாது. ரயில் மிதிக்கலாமா?"

"ரயிலுக்கு ஏது காலு டீச்சர்."

அந்தப் பக்கம் ஒருவர் இருமினார்.





டீச்சர் தோளில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்தார். ஒரு முனையைக் கதவில் வைத்துப் பிடிக்கத் தருமலிங்கத்திடம் சொன்னார். ஐந்தடிக்கு ஒருமுறை தையல் சாக்கட்டியால் தரையில் கோடு போட்டார்.

இரண்டாவது கோடு போடுவதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிட்டது.

"இன்னும் பின்னால போகணும்," என்றார்.

"செவுரு வந்துடுச்சே."

"செவுத்துக்கு அந்தப் பக்கம்?"

"இட்லி மாவு விக்கிறவங்க வீடு."

"அப்ப சுத்தித்தான் வரணும். ஒரு அங்குலம் ஏறணும்னா நாப்பது அங்குலம் நடக்கணும். ஒன்பதுக்கு முப்பது அடி. வளைவுல சக்கரம் உரசும். அதனால வளையற எடத்துல இன்னும் கொஞ்சமா ஏறணும்."

"சுருக்கமா ஒரு வழி கெடையாதா டீச்சர்?"

"இருக்கு."

"என்னங்க அது?"

டீச்சர் பூட்டைப் பார்த்தார்.

தருமலிங்கம் சாக்கட்டிக் கோட்டைப் பார்த்தார். "சுத்தியே வந்துடலாம்," என்றார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கறீங்க?"

"இந்த பீரோகிட்டேருந்து."

"இன்னும் பின்னால."

"அங்க கட்டில் இருக்கு."

டீச்சர் டீயைக் குடித்தார்.

"கட்டில எடுத்துட்டா?" என்றார் தருமலிங்கம்.

"அதுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"சமையக்கட்டு வாசல்."

"அங்கேருந்து ஆரம்பிங்க."

"நான் உள்ள போக வர வேணாமா?" என்றாள் கோசலை.

"தாண்டித்தான் போகணும். ஆரம்பத்துல உயரமே இருக்காது. ஏத்தம் எங்க தொடங்குச்சுன்னு ரயிலுக்குத் தெரியக் கூடாது."

"எனக்கும் தெரியாம இருந்தா சரி," என்றாள் கோசலை.



அந்த வாரம் தருமலிங்கம் கட்டிலைப் பிரித்து மாடிப்படிக்கு அடியில் வைத்தார். பீரோவைப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு நகர்த்தினார். இருவரும் தரையில் பாய் போட்டுப் படுத்தார்கள்.

பலகையை இழைத்தார். அடியில் கட்டை கொடுத்தார். ஒவ்வொரு அடிக்கும் கட்டையின் உயரம் கொஞ்சம் கூடியது. தராசு பிடித்த கை. முள் நடுவில் நிற்கிற வரைக்கும் விடாது.

மூலைகளில் தண்டவாளத்தைச் சட்டென்று திருப்பவில்லை. மூலையை விட்டுக்கொடுத்துத் தள்ளி வளைத்தார். இரண்டு வளைவுக்கு நடுவில் ஒரு பெட்டியின் நீளத்துக்கு நேராக விட்டார். டீச்சர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

இன்ஜின் மேல் வைத்த ஈயத்தை எடுத்துவிட்டார். இரண்டாவது இன்ஜினையும்.

அவர் ஆணி அடிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது. அவர் நிறுத்தினால் இருமல் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தார்.

தருமலிங்கம் மின்பெட்டியின் குமிழைத் திருப்பினார். சமையலறை வாசலிலிருந்து இன்ஜின் ஐந்து பெட்டிகளுடன் கிளம்பியது. முதல் வளைவு. ஒரு பெட்டியும் ஆடவில்லை. பீரோ இருந்த சுவர். இரண்டாவது வளைவு. கட்டில் இருந்த சுவர். வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கோசலை கரண்டியும் கையுமாக நின்று பார்த்தாள்.

"நம்ம ரயிலா இது," என்றாள்.

ரயில் கதவருகே வந்தது. தருமலிங்கம் நிறுத்தினார்.

துளை இன்னும் மேலே இருந்தது.

டீச்சர் டேப்பை வைத்துப் பார்த்தார். "ஏழு அங்குலம் ஏறியிருக்கு."

"கூடத்துல இவ்வளவுதான் எடம் டீச்சர். ஒரு அடிகூட விடல. மீதி ரெண்டு அங்குலத்துக்கு எங்க போறது?"

"துளைய ரெண்டு அங்குலம் கீழ எறக்குங்க."

தருமலிங்கம் ரம்பத்தை எடுத்து அறுத்தார். அறுத்த மரத்துண்டு கையோடு வந்தது. அதற்குப் பின்னால் தம்பியின் தரை தெரிந்தது. மேலே மொசைக். அதன் கீழே சிமெண்ட். அதன் கீழே செங்கல்.

தருமலிங்கம் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இடிக்குதே."

"ஆமா."

"இப்ப என்ன செய்யறது?"

"அந்தப் பக்கம் ஏழடிக்குத் தரைய வெட்டணும். கதவுகிட்ட ரெண்டு அங்குலம் ஆழம். அப்படியே சரிவா மேல ஏறி மொசைக்ல சேந்துடணும்."

டீச்சர் குரலைத் தாழ்த்தவில்லை. துளைக்கு அருகில் உட்கார்ந்துதான் சொன்னார்.

"அது அவன் ஆசையா போட்ட மொசைக்," என்றார் தருமலிங்கம். அவரும் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஆமா."

"வேற வழி?"

"இந்தப் பக்கம் நீங்க செய்ய வேண்டியது முடிஞ்சுபோச்சு."

"அப்ப இவ்வளவும் வீண்தானா? கட்டில எடுத்தேன். பீரோவ எடுத்தேன்."

"வண்டிய அந்தப் பக்கம் கையால தூக்கி வச்சிட்டு வாங்களேன்," என்றாள் கோசலை. "நான் வேணா போய் வைக்கிறேன்."

"நீ வச்சா அது சாமான். அதுவா வரணும். அப்பதான் ரயிலு."

கோசலை டீ போட உள்ளே போனாள். தண்டவாளத்தைப் பார்த்துத் தாண்டிப் போனாள்.

தருமலிங்கம் ரயிலைப் பின்னால் விட்டார். அது இறங்கிப் போய்ச் சமையலறை வாசலில் நின்றது. மறுபடி ஏற்றினார். கதவருகே நின்றது. குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பக்கம் ஏதோ தரையில் இழுபட்டது. ஒரு பெட்டி திறந்தது. இரும்புகள் ஒன்றோடொன்று மோதின.

பிறகு சுத்தியல் சத்தம்.

உளி மொசைக்கில் வழுக்கியது. மறுபடி அடி. இப்போது பிடித்துக்கொண்டது.

கோசலை டீ தம்ளர்களோடு அங்கேயே நின்றுவிட்டாள்.

அடி தொடர்ந்து விழுந்தது. டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நேரா எறக்குறாரு," என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"ஒரே எடத்துல அடிக்கிறாரு. அதுவும் நடுவுல. பள்ளமாயிடும். வண்டி அதுல தலைகுப்புற விழும்."

"நீங்க சொல்லுங்களேன் டீச்சர்."

"நான் தையக்காரி. அவருக்கு என்னைத் தெரியாது."

டீச்சர் கோசலையிடமிருந்து தம்ளரை வாங்கிக்கொண்டார்.

தருமலிங்கம் கோசலையைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க," என்றாள் அவள்.

சுத்தியல் விழுந்துகொண்டிருந்தது. துளை வழியாகச் சிமெண்ட் தூள் வந்து தண்டவாளத்தின் மேல் படிந்தது.

தருமலிங்கம் துண்டால் தண்டவாளத்தைத் துடைத்தார். மறுபடி தூள் விழுந்தது. மறுபடி துடைத்தார். மூன்றாம் முறை துண்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்தார். துளைக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனார்.

தொண்டையைச் செருமினார்.

சுத்தியல் நின்றது.

"சரிவா வெட்டுடா," என்றார். "ஒரேயடியா எறக்காத. கதவுகிட்டேருந்து ஆரம்பி."

அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. ஒரு இருமல்.

"ஏத்தம் எனக்குச் சொல்லித் தர்றியா? முப்பது வருஷம் அதுலதான் போனேன்."

தருமலிங்கம் எழுந்திருக்கவில்லை.

"நான் சொல்ற வரைக்கும் வண்டிய எடுக்காத," என்றது குரல்.

ஏதோ மறுபடி தரையில் இழுபட்டது. சுத்தியல் சத்தம் கேட்டது, இப்போது கதவை ஒட்டி.