இலாரியோவின் இரண்டு நிமிடம்

இந்தக் கதையைச் செலஸ்தீனோ பல ஆண்டுகளாக முழுசாக நம்பவில்லை.

பொய் என்றும் சொல்ல முடியவில்லை. எங்கோ ஓர் இடம் உறுத்தியது. எந்த இடம் என்றுதான் பிடிபடவில்லை. தன் புத்திதான் கோணலோ என்றுகூடச் சில நாள் நினைத்துக்கொள்வார்.

கதையைச் சொன்னவர் செனட்டர் லியாந்த்ரோ. அவருக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுப்பது செலஸ்தீனோவின் வேலை. விருந்துகளிலும் நீண்ட கார்ப் பயணங்களிலும் செனட்டர் இந்தக் கதையைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் ஒரு சொல் கூடாது, குறையாது.

கதை இதுதான்.

அமெரிக்காவின் தென்மேற்கில் சான் தமாசோ என்றொரு நகரம். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்களில் அந்த நகர மன்றத்துக்கு முதன்முதலில் தேர்வானவர் இலாரியோ. எல்லோரும் மரியாதையாக 'தோன் இலாரியோ' என்பார்கள். ஆற்றுக்குத் தெற்கே ஸ்பானிய மொழி பேசுகிற தெருக்கள் அத்தனையும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடும்.

லியாந்த்ரோ கல்லூரி முடித்த கையோடு அவரிடம் வந்து சேர்ந்தான்.

"அரசியலில் முதல் வேலை என்ன, தோன் இலாரியோ?"

அவர் மூலையிலிருந்த மடக்கு நாற்காலிகளைக் காட்டினார்.

"விரித்துப் போடு."

கூட்டம் முடிந்தது.

"அடுத்த வேலை?"

"மடக்கி வை."

பல வருடம் விரித்தான், மடக்கினான். அவர் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு நின்று ஜெயித்தான். பிறகு மன்றத் தலைவரும் ஆனான்.

அவனிடம் ஒரே ஒரு குறை. ஸ்பானிய மொழி வராது. பிள்ளையின் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று வீட்டில் அவனிடம் ஆங்கிலம்தான் பேசினார்கள். அப்பாவும் அம்மாவும் சண்டை போட மட்டும் ஸ்பானிய மொழிக்குப் போவார்கள். தெற்குத் தெருக் கிழவர்கள் அவனை அமெரிக்கக்காரன் என்று கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

மன்றத்தில் யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் வந்து இரண்டு நிமிடம் பேசலாம். ஸ்பானிய மொழியில் பேசினால் நான்கு நிமிடம். அவர்கள் பேச இரண்டு, மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு. இலாரியோ மூன்று வருடம் மல்லுக்கட்டி வாங்கிய ஏற்பாடு அது.

கூட்டங்கள் இழுத்துக்கொண்டே போயின. உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். தலைவரான லியாந்த்ரோ அந்தக் கூடுதல் நேரத்தை எடுத்துவிட்டான். எல்லோருக்கும் ஒரே அளவு, அதுதானே சமத்துவம் என்றான். பத்திரிகைகள் பாராட்டின. மாநிலச் சட்டமன்றத்துக்கு ஏற்ற ஆள் என்று எழுதின.



சட்டமன்றத் தேர்தல் வந்தது. தெற்குத் தெருக்கள் இல்லாமல் ஜெயிக்க வழியில்லை. லியாந்த்ரோ குருவின் வீட்டுக்குப் போனான். அவர் கொல்லையில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கள் ஆதரவு வேண்டும், தோன் இலாரியோ."

"இங்கேயா? ஊர் அறியவா?"

"ஊர் அறிய."

"செவ்வாய்க்கிழமை மன்றத்துக்கு வருகிறேன்."

லியாந்த்ரோவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிரசாரத்துக்குப் படம் எடுக்க ஒரு கேமராக்காரனை ஏற்பாடு செய்து மன்றத்தில் நிறுத்தினான்.

செவ்வாய்க்கிழமை காலை. தெற்குத் தெருக்காரர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மன்றத்தில் உறுப்பினர்களும் ஊழியர்களும்தான். அவர்களில் மொழிபெயர்க்கும் பெண்ணைத் தவிர ஸ்பானிய மொழி தெரிந்தவர் யாரும் இல்லை.

இலாரியோ மைக் முன்னால் வந்தார். அதே மன்றத்தில் வாழ்நாளில் பாதியை ஆங்கிலத்தில் பேசிக் கழித்த மனிதர். அன்று ஸ்பானிய மொழியில் ஆரம்பித்தார்.

மொழிபெயர்க்கும் பெண் அவசரமாக எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் நிறுத்தினால் அவள் சொல்ல வேண்டும். அவர் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. லியாந்த்ரோவைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு போனார்.

பாதியில் லியாந்த்ரோ கேமராக்காரனைப் பார்த்து, கேமராவை இறக்கச் சொல்லிக் கைகாட்டினான்.

இரண்டு நிமிடம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் அடங்கியது.

"தலைவரே, மொழிபெயர்ப்பு பாக்கி இருக்கிறது. சொல்லட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

தலைவர் நினைத்தால் நேரம் நீட்டலாம். எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

"விதி எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றான் லியாந்த்ரோ.

கூட்டம் முடிந்ததும் அவன் தாழ்வாரத்தில் ஓடிப்போய் குருவைப் பிடித்தான்.

"என்ன சொன்னீர்கள், தோன் இலாரியோ?"

அவர் அவன் கன்னத்தில் லேசாகத் தட்டினார்.

"நேரம் முடிந்துவிட்டது, மகனே."

கதை அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊரே அறியும். தோன் இலாரியோ மன்றத்துக்கே வந்து எனக்காகப் பேசினார் என்று லியாந்த்ரோ தெற்குத் தெருக்களில் சொன்னார். இலாரியோ ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. லியாந்த்ரோ ஜெயித்தார். சட்டமன்றம், பிறகு செனட். இலாரியோ காலமானார்.

அந்த மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டிருக்கலாமே என்று விருந்துகளில் யாராவது கேட்பார்கள். குரு சொல்லாததைப் பிறர் வாயால் கேட்கக் கூடாது என்பார் செனட்டர். சொந்தக் குருவுக்காகக்கூட விதியை வளைக்காத மனிதர் என்று கேட்டவர்கள் தலையாட்டுவார்கள்.

செலஸ்தீனோவும் தலையாட்டியிருக்கிறார்.

இந்த வசந்தத்தில் சான் தமாசோவில் ஒரு தெருவுக்கு இலாரியோவின் பெயர் வைக்கிறார்கள். திறந்து வைப்பவர் செனட்டர். பேச்சில் இந்தக் கதை வர வேண்டும், குரு என்னை ஆசீர்வதித்தார் என்று முடிய வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார்.

விழாக்காரர்கள் ஒரு படம் கேட்டிருந்தார்கள். இலாரியோ மன்றத்தில் கடைசியாகப் பேசிய படம்.

மத்தியானம், தலைநகர அலுவலகத்தில், செலஸ்தீனோ அதை விசாரித்தார். செனட்டர் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு படமே இல்லை என்றார். "நான்தான் இறக்கச் சொல்லிவிட்டேனே."

செலஸ்தீனோ கணினிப் பக்கம் திரும்பினார். 'அன்று தோன் இலாரியோ என்னை' என்று அடித்தார். அடுத்த சொல் வரவில்லை.

தெற்குத் தெருக் கூட்டங்களுக்காக எத்தனையோ ஸ்பானிய வரிகளை, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் படிக்கும்படி உச்சரிப்பைப் பிரித்து எழுதிக் கொடுத்திருக்கிறார். செனட்டர் ஒரு தடவைகூட அழுத்தம் தப்பிச் சொன்னதில்லை. தான் பழக்கிய பழக்கம் என்று இத்தனை காலம் அதில் பெருமைப்பட்டிருந்தார்.

விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"செனட்டர், கேமராவை எப்போது இறக்கச் சொன்னீர்கள்?"

"அவர் பேசிக்கொண்டிருந்தபோதே. உங்களுக்குத் தெரியாத கதையா?"

"தெரியும். மொழிபெயர்ப்புதான் வரவே இல்லையே. அப்புறம் எதைக் கேட்டு இறக்கச் சொன்னீர்கள்?"