கழுதைப் பத்திரத்தின் அடியில்

சதுக்கத்தில் எரிந்த புத்தகத்தின் சாம்பல் தாதேயோவின் அங்கியில் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல் ஓட்டமும் நடையுமாகப் பாலத்தைக் கடந்து அக்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தான்.

அங்கேதான் அவனுடைய குரு, கவிஞர் ரனியேரோ, பதினோரு வருடங்களாக இருந்தார். அவர் பாடிய காவியத்துக்காக நகரம் அவரை வெளியேற்றியிருந்தது. திரும்பிப் பாலத்தில் கால் வைத்தால் தலை போகும்.

"எரித்துவிட்டார்கள், குருவே. கடைசிப் பிரதி. நகரத் தலைவரே தீ வைத்தார். சுற்றி நின்றவர்கள் குளிர் காய்ந்தார்கள்."

ரனியேரோ மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"நன்றாக எரிந்ததா?"

"உங்களுக்கு விளையாட்டா?" தாதேயோ அங்கியிலிருந்த சாம்பலைக் காட்டினான். "மூன்று வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு நான் எடுத்த பிரதி அது. நீங்கள் லத்தீனில் எழுதியிருந்தால் படித்தவர்கள் எங்காவது ஒளித்துக் காப்பாற்றியிருப்பார்கள். கம்பளி அலசுகிறவர்களின் பேச்சில் எழுதினீர்கள். என்ன மிஞ்சியது? சொல்லுங்கள்."

சொன்ன பிறகு அவனுக்கே நாக்கு கூசியது. அவன் அப்பா கம்பளி அலசுகிறவர். அந்த வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் அவன்தான்.

"ஊரை விட்டு வந்த அன்று என் கழுதையை விற்றேன்," என்றார் குரு. "பதிவு அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு வா."

"இப்போது கழுதைதான் முக்கியமா?"

"பார்த்துவிட்டு வா."

பத்திர எழுத்தர் பிலிப்போ தடித்த பதிவேட்டை எடுத்துப் போட்டார். சாம்பல் நிறக் கழுதை, இடது காது கிழிந்தது, விற்றவர் ரனியேரோ. அதற்குக் கீழே ஆறு வரிகள். செத்த மகளைத் தேடும் தகப்பன் வானத்தைப் பார்த்துக் கூப்பிடும் இடம். குருவின் காவியம்.

"யார் இதை இங்கே எழுதியது?"

"நான்தான். ஏன், கையெழுத்து புரியவில்லையா?"

"என் குருவின் கவிதை ஐயா இது! கழுதைக்கு அடியிலா எழுதுவீர்கள்?"

"நல்ல கழுதை தம்பி அது," என்றார் பிலிப்போ. மற்ற எழுத்தர்கள் சிரித்தார்கள். "பக்கத்தில் காலி இடம் விடக்கூடாது. விட்டால், கழுதையோடு தோட்டத்தையும் விற்றதாக எவனாவது பின்னால் ஒரு வரி சேர்த்துவிடுவான். அதனால் எதையாவது எழுதி அடைத்துவிடுவோம்."

"அடைக்க இதுதான் கிடைத்ததா? லத்தீனில் எவ்வளவோ இருக்கிறதே!"

"யாருக்கு அதெல்லாம் மனப்பாடம்? இறகை மையில் தோய்த்தால் கைக்கு இதுதான் வருகிறது. எனக்கு மட்டுமில்லை, இவர்களுக்கும்."

தாதேயோ பக்கங்களைப் புரட்டினான். உயில், சீதனப் பட்டியல், எண்ணெய்ச் செக்கு விற்பனை. ஒவ்வொன்றின் கீழேயும் வேறு வேறு கையெழுத்தில் அதே காவியம். மாலை மணி அடித்து, கதவைச் சாத்தும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை குருவின் முன் நின்று கத்தினான்.

"செக்குக்கு அடியில் கிடக்கிறது! எவளோ ஒரு விதவையின் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது! ஒரு பக்கத்திலாவது கவிஞர் என்று உங்கள் பெயர் உண்டா? இடத்தை அடைக்கிற வைக்கோலா உங்கள் கவிதை? எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கச் சொல்லி மனு எழுதப்போகிறேன்."

"எத்தனை சொல் தப்பாக இருந்தது?"

தாதேயோ வாயைத் திறந்தான். பொய் சொல்ல வரவில்லை.

"ஒன்றுகூட இல்லை."

"எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?"

"அங்கே ஒரு துண்டு, இங்கே ஒரு துண்டு. சேர்த்துப் பார்த்தால்..." அவன் குரல் இறங்கியது. "அநேகமாக முழுவதும்."

"நகரத் தலைவர் போன வருடம் வீடு வாங்கினாராமே?"

"அந்தப் பத்திரமும் இருக்கிறது. அதற்குக் கீழே எட்டு வரி."

பதினோரு வருடத்துக் கோபம் ஒரு கணம் ரனியேரோவின் முகத்தில் ஏறியது. தாதேயோ அதை அதுவரை பார்த்ததில்லை.

"அப்படியானால் மனுவை அவருக்கே எழுது," என்றார். "ஒரு பிரதி இன்னும் எரியாமல் இருக்கிறது, உங்கள் வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் இருக்கிறது, எப்போது தீ வைக்க வருகிறீர்கள் என்று கேள்."