மண் மூடிய நீச்சல் குளம்

இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சவரிமுத்து, நாற்பத்தெட்டு வயதில் கல்லூரியில் வரலாற்று ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். வழிகாட்டி பேராசிரியர் தமயந்தி, அவரைவிடப் பத்து வயது இளையவர்.

இளங்கலை மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுக்கும்படி தமயந்தி சொன்னார். தலைப்பு, அமெரிக்கர்களின் கோடைக்காலப் பொழுதுபோக்கு. சவரிமுத்துவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

“போர் இருக்கு, தேர்தல் இருக்கு. குளிச்சதும் கூத்தடிச்சதும் வரலாறா மேடம்?”

தமயந்தி ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து நீட்டினார்.

“என்ன தெரியுது சார்?”

“புல்தரை.”

“நடுவுல?”

உற்றுப் பார்த்தார். புல்லுக்குள்ளிருந்து இரும்பு ஏணியின் கைப்பிடிகள் இரண்டு வளைந்து நீட்டிக்கொண்டிருந்தன.

“நீச்சல் குளமா இருந்த இடம். கறுப்பின மக்களும் இறங்கலாம்னு கோர்ட் சொல்லிச்சு. தங்களுக்கே இல்லாட்டாலும் பரவாயில்லைன்னு வெள்ளைக்காரங்க மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க.”

சவரிமுத்து படத்தை வாங்கிக்கொண்டார். மறுநாள் அந்தப் படத்தோடு வகுப்புக்குப் போனார். சொல்லி முடித்ததும் வினோதா என்ற மாணவி எழுந்தாள். அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவள்.

“எங்க ஊர்ப் பெரிய கிணத்துல எங்க தெருக்காரங்க இறங்கக் கூடாது சார். கோடை லீவுல ஒருநாள் எங்கம்மா குதிச்சிட்டாங்க. அப்ப அவங்களுக்குப் பதினோரு வயசு.”

“அப்புறம்?”

“மறுநாள் படி முழுக்க முள்ளை வெட்டிப் போட்டிருந்தாங்க. அம்மா மேலேருந்தே குதிச்சாங்க. நீந்தி முடிச்சிட்டு, ஒவ்வொரு படியா முள்ளை எடுத்து ஓரமாப் போட்டுக்கிட்டே ஏறி வந்தாங்க. அதுக்கு அடுத்த நாள் எங்க தெருப் பிள்ளைங்க பன்னிரண்டு பேர் அந்தப் படியில இறங்குனாங்க.”

வகுப்பு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

“எனக்கு நீச்சல் அம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க. இந்த வருஷம் மாவட்டத்துல நான் இரண்டாவது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சவரிமுத்து கையிலிருந்த குறிப்புகளை மடித்து வைத்துவிட்டார். பட்டாளத்தில் பதக்கம் வாங்கிய நாளில்கூட அவருக்கு நெஞ்சு இப்படி விம்மியதில்லை. மணி அடித்ததும் நேராகத் தமயந்தியின் அறைக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னார்.

“நான் பாடம் எடுக்கல மேடம். அந்தப் பொண்ணு எடுத்தா. என் வகுப்புல எடுத்தா.”

தமயந்தியின் கண்கள் மலர்ந்தன.

“இந்தப் பாடத்துக்கு என்னென்ன படிக்கணும்னு பசங்க பட்டியல் கேக்குறாங்க. முதல்ல எந்தப் புத்தகத்தைப் போடட்டும் மேடம்?”

“அவங்க அம்மா பேர் என்ன சார்?”

சவரிமுத்து விழித்தார். “கேக்கலையே மேடம்.”

“கேட்டுட்டு வந்து முதல்ல அதை எழுதுங்க.”