மன்னர் உட்கார்ந்து பார்த்த சுவர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் கோபித்துக்கொள்ளக்கூடிய ஒரு நாட்டில், ஒரு மன்னர் இருந்தார். பக்கத்து நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மரத்தையும் வானத்தையும் பார்த்தபடி படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவருக்குத் தூக்கம் போயிற்று. "நம் பள்ளியிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பச்சை தெரிய வேண்டும்" என்று ஆணையிட்டார்.

அமைச்சர் வில்லவதரையர் கட்டி முடித்தார். அகலமான சன்னல்கள், வெளியே மாந்தோப்பு. மன்னர் வந்து பார்த்து மெச்சினார். அமைச்சருக்குப் பட்டாடை கிடைத்தது. சிம்மாசனம் தவிர வேறெங்கும் மன்னர் உட்கார மாட்டார், அவர் நிற்கும்போது மற்றவர்களும் உட்காரக் கூடாது. அதனால் அளந்தவர்கள், பார்த்தவர்கள், பாராட்டியவர்கள் எல்லோரும் நின்றுகொண்டேதான் அதைச் செய்தார்கள். பிள்ளைகளோ தரையில் உட்கார்ந்து படித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது சுவர். தோப்பைப் பார்க்க எழுந்து நின்ற செங்கமலம் என்ற சிறுமிக்குக் கையில் பிரம்படி விழுந்தது.

கன்றிப்போன அந்தக் கையைப் பார்த்துவிட்டு அரண்மனை விகடகவி கூத்தபிரான் நேரே சபைக்குப் போனான். "மன்னா, அந்தப் பள்ளியில் பச்சை தெரியவில்லை."

"இது பொய்யானால் இவன் நாக்கை அறுக்க வேண்டும், மன்னா" என்றார் அமைச்சர்.

"சம்மதம். உட்கார்ந்த இடத்திலிருந்து என்பது தங்கள் ஆணை. ஆணையிட்ட தாங்களே உட்கார்ந்து பார்க்க வேண்டும்" என்றான் கூத்தபிரான்.

தம் ஆணையைத் தாமே மீற முடியாமல் மன்னர் பள்ளிக்கு வந்தார். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, செங்கமலத்தின் இடத்தில் மன்னர் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மன்னர் தலைக்கு மேல் எவர் தலையும் இருக்கக் கூடாதே. அமைச்சரும் அதிகாரிகளும் பதறியடித்துத் தரையில் குப்புறப் படுத்தார்கள்.

"அமைச்சரே, பச்சை தெரிகிறதா?" என்று கேட்டான் கூத்தபிரான், தானும் படுத்தபடி.

"நன்றாகத் தெரிகிறது" என்றார் அமைச்சர், மூக்கு தரையில் அழுந்த.

மன்னர் சுவரைப் பார்த்தார், அமைச்சரைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். "நீ வென்றாய். என்ன வேண்டும், கேள்."

"சன்னலை இறக்கிக் கட்டச் சொல்லுங்கள், மன்னா. வேறொன்றும் வேண்டாம்."

"சன்னலுக்குக் கீழேதானே என் பெயர் பொறித்த கல் இருக்கிறது. அதை எப்படி இடிப்பது?" என்றபடி மன்னர் எழுந்து, சன்னல் வழியே தோப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். அடுத்த முறை வந்தால் தாம் உட்கார ஓர் உயர்ந்த ஆசனமும் அங்கே போடச் சொன்னார்.

நாக்கு தப்பியது, மாலையும் கிடைத்தது. ஆனாலும் கூத்தபிரானுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான். வாசலில் செங்கமலம் அவனை மறித்தாள்.

"ராஜா எங்க எடத்துல உக்காந்தாரே மாமா, அவருக்குத் தோப்பு தெரிஞ்சுதா?"

"இல்லம்மா. சுவர்தான் தெரிஞ்சுது."

"அப்புறம் எந்திரிச்சுப் பாத்தாரா?"

"பாத்தார்."

"அவர யாரும் அடிக்கலியா?"