யாருக்கும் போய்ச்சேராத திருத்தம்

எங்கள் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. மற்ற மடங்களில் தாடி குருவுக்கு இருக்கும். எங்கள் இடத்தில் சீடருக்கு. மடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரியின் மாடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் லேப்டாப்போடு கூடுவோம்.

குருவின் பெயர் எப்சிபா. கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர் என்பதால் எல்லோருக்கும் டீச்சர். பார்வையில்லாதவர்களுக்குத் தமிழை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றைத் தொடங்கி, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தவர்.

சீடர் ஆவுடையப்பன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, அதன்பிறகு டீச்சரிடம் நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர். மென்பொருளும் அதில் இதுவரை நடந்த திருத்தங்கள் அத்தனையும் இருந்த ஒரே கம்ப்யூட்டர் அவர் வீட்டில்தான் இருந்தது. யார் எதை எழுதினாலும் அந்தப் பெட்டிக்குத்தான் போய்ச் சேரும். அவர் அனுமதித்தவர்தான் எழுத முடியும். பெட்டியை விட்டுவிட்டு அவர் திருச்செந்தூருக்குப் போனால்கூட அன்றைக்கே திரும்பிவிடுவார். பூசாரி என்று கேலி செய்வோம். அவருக்கு அது பிடித்தும் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் அவர் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. கரண்ட் வரும்வரை காயல்பட்டினத்து யூசுப்பிலிருந்து சிங்கப்பூரில் இருந்தவர்கள்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

டீச்சர் முடிவெடுத்துவிட்டார்.

"இனிமே எல்லார்கிட்டயும் முழுப் பிரதி இருக்கும். பழைய திருத்தமெல்லாம் சேர்த்து. அவங்கவங்க பிரதியில அவங்கவங்க எழுதலாம். ஒருத்தர் அனுப்பலாம், ஒருத்தர் எடுத்துக்கிடலாம்."

ஆவுடையப்பன் தாடியைத் தடவினார்.

"அப்போ அசல் யார்கிட்ட இருக்கும், டீச்சர்?"

"எல்லார்கிட்டயும்."

"எல்லார்கிட்டயும் இருந்தா அது அசலா?"

டீச்சர் சிரித்தார். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. ஆனாலும் ஒரு வாரம் உட்கார்ந்து, பழைய திருத்தங்களில் ஒன்றுகூட விடுபடாமல் புது முறைக்கு மாற்றிக்கொடுத்தவர் அவர்தான். மாற்றிய கையோடு பெட்டியை அணைத்து, வேட்டித் துணியால் மூடி வைத்தார்.

அதன்பிறகு ஒரு மாதம் அவர் மாடிப் பக்கமே வரவில்லை. அண்ணாச்சிக்குக் கோபம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். கோபக்காரரைப் போய்க் கிளறுவானேன் என்று எல்லோரும் சும்மா இருந்துவிட்டோம்.

வந்த அன்று வாசலிலேயே நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் விலகிக்கிடுதேன், டீச்சர்."

"உள்ள வாங்க, அண்ணாச்சி. என்னாச்சு?"

"என்ன ஆகணும்? ஒரு மாசமா மாடா உழைச்சிருக்கேன். போன் நம்பரை ஒழுங்கா வாசிக்க வச்சிருக்கேன். நல்லாருக்குன்னு ஒருத்தர் சொல்லல. சரி, குப்பையா இருக்குன்னாவது சொல்லலாம்லா?"

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன் நம்பர் எங்கள் மென்பொருளின் தீராத வியாதி. கேட்பவர் குறித்துக்கொள்ளவே முடியாது. யாராலும் சரிசெய்ய முடியாமல் விட்டுவைத்திருந்தோம்.

டீச்சர் தன் லேப்டாப்பில் ஒரு நம்பரைத் தட்டினார்.

"தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு கோடியே இருபத்தொரு லட்சத்து..." என்று ஆரம்பித்தது அது.

ஆவுடையப்பனின் முகம் சிவந்துவிட்டது.

"எடுத்துப் போட்டுட்டீங்க! நான் எழுதுனதைத் தூக்கி எறிஞ்சிட்டீங்க! வேண்டாத ஆளுன்னா நேரா சொல்லிருக்கலாம், டீச்சர்."

குரல் உடைந்துபோயிற்று. எனக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"உங்க லேப்டாப்பைத் திறங்க, அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

அதே நம்பர். அவருடைய லேப்டாப் வாசித்தது: "ஒன்பது, எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று." எழுதிக்கொள்ள ஒரு மூச்சு இடைவெளி விட்டது. பிறகு மீதி ஐந்து எண்கள். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஒருவர் நிதானமாகச் சொல்வது மாதிரியே இருந்தது.

டீச்சர் குனிந்து அவருடைய திரையைப் பார்த்தார். மேலும் கீழும் நகர்த்தினார்.

"அத்தனையும் எழுதி வச்சிருக்கீங்க. ஒண்ணுகூட அனுப்பலியே, அண்ணாச்சி. எல்லாம் உங்ககிட்டயே கிடக்கு."

"அனுப்பணுமா? எழுதுனா போயிரும்லா?"

பழைய முறையில் போய்விடும். எழுதிச் சேர்த்தாலே பெட்டிக்குப் போய், பெட்டியிலிருந்து ஊருக்கே தெரிந்துவிடும். பல வருஷப் பழக்கம். புது முறையில் எழுதிச் சேர்த்தாலும் அது நம் வீட்டோடு இருக்கும். தனியாக அனுப்ப வேண்டும். பழைய திருத்தங்கள் முழுவதையும் மாற்றிக்கொடுத்த மனிதருக்கு இந்த ஒன்று பழகவில்லை.

யூசுப்பால் அடக்க முடியவில்லை. "அண்ணாச்சி, வீட்டுல ஆக்கி மூடி வச்சுட்டு, பந்திக்கு ஒருத்தனும் வரலைன்னு கோவிச்சா எப்படி?"

மாடியே சிரித்தது. ஆவுடையப்பன் நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்தார்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. தன் லேப்டாப்பை அவர் லேப்டாப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்தார்.

"என்ன பண்ணுதீங்க?"

"உங்ககிட்டேர்ந்து எடுத்துக்கிடுதேன்."

"நடுவுல பெட்டி இல்லாமலா?"

"நீங்கதான் இருக்கீங்கல்லா?"

கொஞ்ச நேரத்தில் டீச்சரின் லேப்டாப்பும் அந்த நம்பரை ஒவ்வொன்றாக, நடுவில் மூச்சு விட்டு வாசித்தது. யூசுப் தன் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றான். அவனுக்குப் பின்னால் நான். ஆவுடையப்பன் எங்கள் ஒவ்வொருவருக்கும் கேபிளை மாற்றி மாற்றிச் செருகினார். யாரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

எல்லோரும் எடுத்துக்கொண்டு போனபிறகு, டீச்சரிடம் மட்டும் கேட்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்.

"அனுப்பாம விட்டது என் தப்புதான், டீச்சர். இல்லேங்கல. ஆனா ஒரு மாசமா ஆளைக் காணோமே, உயிரோட இருக்கானா இல்லையான்னு கேக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

டீச்சர் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"தினமும் தோணிச்சு, அண்ணாச்சி" என்றார். "எல்லாம் என்கிட்டயே கிடக்கு."